−7 முழு எண்ணா இல்லையா? ஒரு மதிப்பெண்ணில் தொடங்கிய வழக்கு

செவ்வந்தி:
மகள் ஒன்பதாம் வகுப்பு, தமிழ் வழி. நேற்று கணிதத் தேர்வுத் தாளைக் கொண்டுவந்தாள். சரியா தவறா எழுதும் பகுதியில் இரண்டு இடத்தில் சிவப்புக் கோடு. முதல் கேள்வி: "−7 ஒரு முழு எண்." சரி என்று எழுதியிருக்கிறாள். அடுத்தது: "22/7 ஒரு விகிதமுறா எண்." அதற்கும் சரி என்றே எழுதியிருக்கிறாள்.

"ஏழு முழுதாகத்தானே இருக்கிறது, அரையும் காலுமாகவா இருக்கிறது?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வட்டக் கணக்கில் பை என்றால் 22/7 என்று போன வருடம் போட்டார்கள். பை விகிதமுறா எண் என்று இந்த வருடம் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அவள் எழுதியது சரிதானே? ஆசிரியரிடம் போய்ச் சண்டை பிடிக்கும் எண்ணம் இல்லை. எனக்கு விளங்கினால் போதும்.

கறார்க்கணக்கு:
இரண்டுமே தவறுதான். முழு எண்கள் 0, 1, 2, 3 என்று போகும். −7 முழுக்களில் சேரும். முழுக்களின் பின்னமாக எழுத முடிந்தால் விகிதமுறு எண், முடியாவிட்டால் விகிதமுறா எண். 22/7 பின்னம், ஆகவே விகிதமுறு எண். பாடநூலிலேயே இருக்கிறது. மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள், இரண்டு நாள் வேலை.

செவ்வந்தி:
முழு எண் வேறு, முழுக்கள் வேறா? இது என்ன கூத்து!

சுண்ணக்கட்டி:
கூத்துதான் அம்மா. இதில் பாதிப் பிழை பிள்ளையுடையது, மீதி சொல்லுடையது. 31 வருடம் கணிதம் எடுத்து ஓய்வுபெற்றவன் நான். இந்த இரண்டு சொற்களும் விடைத்தாள்களில் எத்தனை மதிப்பெண்ணைத் தின்றிருக்கின்றன என்று எண்ணினால் அதுவே பெரியதோர் இயல் எண்ணாக வரும்.

தமிழ்நாட்டுப் பாடநூலில் 1, 2, 3 என்று போகிறவை இயல் எண்கள். 0 சேர்ந்தால் முழு எண்கள். குறை எண்களும் சேர்ந்தால் முழுக்கள். 'முழு எண்' என்பதன் பன்மைதான் 'முழுக்கள்' என்று எந்தப் பிள்ளையும் நினைக்கும். பாடநூலுக்கு வெளியே தமிழில் எழுதுகிற பலர் முழு எண் என்றாலே −7-ஐயும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். ஆங்கில வழிக் குழந்தைகளுக்கு ஹோல் நம்பர், இன்டிஜர் என்று இரண்டும் வேறு வேறு ஒலியாகக் காதில் விழுவதால் தப்பித்துக்கொள்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இன்டிஜர் என்ற லத்தீன் சொல்லுக்கும் குறைபடாதது, முழுமையானது என்றுதான் பொருள்.

பெயரை விடுங்கள். இந்த வகைகளை யாரும் முதலில் பட்டியல் போட்டுவிட்டுப் பிறகு எண்களைத் தேடவில்லை. கணக்குப் போடும்போது எங்கோ முட்டி நின்றது; முட்டிய இடத்தில் புது எண் வந்தது. இயல் எண்களில் எந்த இரண்டைக் கூட்டினாலும் பெருக்கினாலும் விடை அந்தக் கூட்டத்துக்குள்ளேயே கிடைக்கும். பாடநூல் இதை அடைவுப் பண்பு என்கிறது. கழிக்கப் போங்கள்: 5−5 முட்டும், 0 வேண்டும். 5−12 முட்டும், −7 வேண்டும். கழித்தலுக்காக வந்தவை முழுக்கள். 7-ஐ 2-ஆல் வகுக்கும்போது அவையும் போதாது. வகுத்தலுக்காக வந்தவை விகிதமுறு எண்கள். பாடநூலில் எண்வகைகள் ஒரு பக்கத்திலும் பண்புகள் வேறொரு பக்கத்திலும் இருப்பதால் இரண்டும் வேறு பாடம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு.

பிரம்மகுப்தர் 628-இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் மிகை எண்ணைச் செல்வமாகவும் குறை எண்ணைக் கடனாகவும் வைத்தே விதிகளைச் சொல்கிறார். கடனோடு கடன் சேர்ந்தால் கடன். செல்வமும் அதே அளவு கடனும் சேர்ந்தால் பூச்சியம். இன்றைக்கு நாம் கூட்டல் நேர்மாறு என்று எழுதுவது அதைத்தான். (அவரும் ஓரிடத்தில் வழுக்கினார்: பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியம் என்றார். அப்பேர்ப்பட்டவருக்கே இந்த நிலை என்று நான் வகுப்பில் ஆறுதல் சொல்வதுண்டு.)

கறார்க்கணக்கு:
ஐயா, விளக்கம் அழகாக இருக்கிறது. தேர்வில் இதற்கு மதிப்பெண் இல்லை.

சுண்ணக்கட்டி:
22/7-க்கு வருகிறேன். அம்மா, இதை நான் சொல்வதைவிட நீங்கள் இருவரும் காகிதத்தில் வகுத்துப் பார்ப்பது நல்லது. 22-இல் 7 மூன்று தடவை போக மீதி 1. பக்கத்தில் பூச்சியம் சேர்த்தால் 10. ஒரு தடவை, மீதி 3. 30-இல் நான்கு தடவை, மீதி 2. 20-இல் இரண்டு, மீதி 6. 60-இல் எட்டு, மீதி 4. 40-இல் ஐந்து, மீதி 5. 50-இல் ஏழு, மீதி 1. பழைய 1 திரும்பி வந்துவிட்டது. இனி எத்தனை நாள் வகுத்தாலும் 142857 என்ற அதே ஆறு இலக்கம் சுற்றிச் சுற்றி வரும்.

ஏன் திரும்பி வர வேண்டும்? 7-ஆல் வகுக்கும்போது மீதியாக 1 முதல் 6 வரைதான் வர முடியும். 0 வந்தால் கணக்கு முடிந்துவிடும். ஆறு நாற்காலிகளில் ஏழாவது ஆள் உட்கார வேண்டுமானால் யார் மடியிலாவதுதான் உட்கார வேண்டும். ஆகவே எந்தப் பின்னத்தையும் தசமமாக்கினால் ஒன்று முடியும், அல்லது சுழலும். பையின் தசமம் முடிவதும் இல்லை, சுழல்வதும் இல்லை. 22/7 அதனோடு 3.14 வரைதான் கூட வருகிறது. அடுத்த இலக்கத்திலேயே பிரிந்துவிடுகிறது. ஆரியபட்டர் 499-இல் 62832/20000 என்ற விகிதத்தைக் கொடுத்தபோது கூடவே 'ஆசன்னம்' என்று ஒரு சொல்லையும் போட்டார். அண்மையானது என்று பொருள். பை விகிதமுறா எண்தான் என்பதற்கு நிரூபணம் 1760களில் கணிதர் லாம்பர்ட் கொடுத்த பிறகே கிடைத்தது. உங்கள் மகளுக்குச் சொல்லப்படாமல் போனது அந்த 'ஏறத்தாழ' என்ற ஒரு சொல்தான்.

செவ்வந்தி:
மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில் வகுத்துப் பார்த்தோம் ஐயா. மீதி 1 திரும்பி வந்த இடத்தில் அவளே பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்: 0.101001000100001... என்று ஒவ்வொரு முறையும் ஒரு பூச்சியம் கூடிக்கொண்டே போனால்? ஒழுங்கு இருக்கிறதே, அது விகிதமுறு எண்தானே?

நிரல்பூச்சி:
அருமையான கேள்வி. இல்லை. ஒழுங்கு வேறு, சுழற்சி வேறு. ஒரே தொகுதி மாறாமல் திரும்பத் திரும்ப வந்தால்தான் சுழற்சி. இங்கே பூச்சியங்களின் வரிசை நீண்டுகொண்டே போவதால் எந்தத் தொகுதியும் நிலைக்காது. விகிதமுறா எண் என்றால் √2, √3, பை என்று மூன்றைச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். உங்கள் மகள் தானாகவே ஒன்றை உருவாக்கியிருக்கிறாள்.

வடமராட்சி:
எங்கள் பக்கம் முதல் வழக்கு எழவே எழாது. இலங்கைப் பாடநூலில் −7 ஒரு நிறைவெண். முழுவெண், முழுக்கள் என்ற குழப்பமே கிடையாது. ஆனால் ஆங்கிலத்தில் காம்ப்ளெக்ஸ் நம்பர் என்பதை நீங்கள் கலப்பெண் என்பீர்கள், நாங்கள் சிக்கலெண் என்போம். கலப்பெண் என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டேகால், மூன்றரை மாதிரியானவைதான் நினைவுக்கு வரும். கனடாவில் இருக்கும் அண்ணன் மகனுக்கு இணையத்தில் தமிழில் கணிதம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது, இந்தியத் தமிழ் விளக்கக் காணொளியைப் பார்த்து நானே அரை மணி நேரம் விழித்தேன். நல்ல பெயர் வைப்பதில் யாருக்குப் புள்ளி என்று கேட்கவில்லை. ஆனால் நிறைவெண் நல்ல சொல்தான், ஒத்துக்கொள்ளுங்கள்.

சுண்ணக்கட்டி:
ஒத்துக்கொள்கிறேன். கடன் கொடுங்கள், எடுத்துக்கொள்கிறோம்.

கறார்க்கணக்கு:
பெயர்ச் சண்டை என்று வந்துவிட்டதால் கேட்கிறேன். 0 இயல் எண்ணா இல்லையா? எங்கள் பயிற்சி மையத்தில் இல்லை என்கிறார்கள். கல்லூரிப் புத்தகத்தில் உண்டு என்று போட்டிருக்கிறது.

நிரல்பூச்சி:
பள்ளித் தேர்வென்றால் இல்லை. நிரல் எழுதுகிறவனிடம் கேட்டால் எண்ணத் தொடங்குவதே 0-இலிருந்துதான் என்பான். கணிதக் குறியீடுகளுக்கான பன்னாட்டுத் தரநிர்ணயமும் 0-ஐ இயல் எண்களில் சேர்த்திருக்கிறது. கணிதர் பெயானோ 1889-இல் இயல் எண்களுக்கான தன் அடிப்படை விதிகளை எழுதியபோது 1-இலிருந்து தொடங்கினார், பிறகு அவரே 0-க்கு மாறினார். பிரான்ஸ் இன்னும் ஒருபடி மேலே: அங்கே 0 மிகை எண்ணும்தான், குறை எண்ணும்தான். இதில் உண்மை பொய் என்று ஒன்றும் இல்லை. உடன்பாடுதான், பேசுவதற்கு முன்னால் எதை வைத்துப் பேசுகிறோம் என்று சொல்லிவிட வேண்டும்.

ஏட்டுக்கணக்கு:
தாமதமாக வருகிறேன். பின்னம், சுழல் தசமம் என்று பேசுகிறீர்கள். நம் பழைய கீழ்வாய் இலக்கத்தை, அதாவது ஒன்றுக்குக் கீழான பின்னங்களுக்குத் தமிழில் இருந்த பெயர்களை, யாரும் எடுக்கவில்லையே? அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாக இறங்கும் ஒரு வரிசை. மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320-இல் ஒன்று. முந்திரியையே 320 ஆக்கினால் கீழ்முந்திரி. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் இவற்றை வாய்ப்பாடாகவே ஒப்பித்தார்கள்.

நேற்று இந்த இழையைப் படித்துவிட்டு ஒரு விளையாட்டு விளையாடினேன். ஒன்றை மூன்று பேருக்குச் சமமாகப் பங்கிட வேண்டும்; முந்திரியில் சொல்ல முடியுமா? 320-ஐ மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 106 முந்திரி, அதற்கு மேல் முந்திரியில் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம். சரி, கீழ்முந்திரிக்கு இறங்குவோம் என்றால் 213 கீழ்முந்திரி, அதற்கு மேல் கீழ்முந்திரியில் மூன்றில் ஒன்று மிச்சம். தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டேன்! எத்தனை படி இறங்கினாலும் 106, 213, 106, 213 என்று சுழல்கிறது.

சுண்ணக்கட்டி:
ஏட்டுக்கணக்கு ஐயா, இரவு பதினொரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து சரிபார்த்தேன். 320 என்பது ஆறு 2-களையும் ஒரு 5-ஐயும் பெருக்கி வருவது. வேறு பகா எண் அதில் இல்லை. 10-உம் 2, 5 இரண்டால் ஆனதுதான். ஆகவே முந்திரி வரிசையில் உள்ள எல்லாமே தசமத்திலும் முடியும்: முந்திரி 0.003125, காணி 0.0125, மா 0.05. பகுதியில் 3-ஓ 7-ஓ நுழைந்தால் இரண்டிலுமே முடியாது. முடிவதும் முடியாததும் எண்ணின் குணமில்லை, நாம் எழுதும் முறையின் குணம். விகிதமுறு எண்ணா என்பது மட்டும்தான் எண்ணின் குணம். இத்தனை வருடம் பாடம் எடுத்தும் இதை முந்திரியோடு சேர்த்துப் பார்த்ததில்லை.

நிரல்பூச்சி:
இப்போது என் தொழிலுக்கு வந்துவிட்டீர்கள். கணினி எல்லாவற்றையும் இரண்டின் அடுக்குகளில் வைத்திருக்கிறது; அதற்கு 5 கிடையாது. அதனால் நமக்குச் சாதாரணமான பத்தில் ஒன்று கணினிக்கு முடியாத சுழல். எங்கோ வெட்டித்தான் வைத்துக்கொள்ளும். 0.1-உம் 0.2-உம் கூட்டச் சொன்னால் பல நிரல்மொழிகள் 0.30000000000000004 என்று காட்டும்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் கடை ரசீது போடும் மென்பொருளில் நாள் முடிவில் ஒரு பைசா இடிக்கும். இரண்டு வாரம் தேடினேன். அதே பட்டியலைத் தலைகீழாகக் கூட்டினால் வேறு விடை! கடைசியில் எல்லாவற்றையும் பைசாவாக மாற்றி முழுக்களாகவே வைத்த பிறகுதான் நின்றது. (0.1+0.2)+0.3 என்றால் 0.6000000000000001, 0.1+(0.2+0.3) என்றால் 0.6. எட்டாம் வகுப்பில் சேர்ப்புப் பண்பு என்று படித்து ஒரு மதிப்பெண் வாங்கியது நினைவுக்கு வந்தது. கணினியின் தசமக் கூட்டலுக்கு அந்தப் பண்பு இல்லை.

கறார்க்கணக்கு:
அது இயந்திரத்தின் குறை தம்பி. கணக்கில் கூட்டலுக்கு எல்லாப் பண்பும் எப்போதும் உண்டு. 3+5, 5+3. இதில் சிந்திக்க என்ன இருக்கிறது? அதனால்தான் மனப்பாடம் போதும் என்றேன்.

சுண்ணக்கட்டி:
கூட்டலுக்கு உண்டு. எல்லாச் செயலுக்கும் உண்டா? சராசரி எடுப்பதை ஒரு செயலாக வைத்துக்கொள்ளுங்கள். 2, 4 இரண்டின் சராசரி 3. 4, 2 என்று திருப்பினாலும் 3. பரிமாற்றுப் பண்பு இருக்கிறது. இப்போது மூன்று எண்கள்: 2, 4, 8. முதல் இரண்டின் சராசரி 3, அதற்கும் 8-க்கும் சராசரி 5.5. மாற்றிச் செய்யுங்கள்: 4, 8 இரண்டின் சராசரி 6, 2-க்கும் அதற்கும் சராசரி 4. ஒன்று 5.5, மற்றது 4. சேர்ப்புப் பண்பு இல்லை. ஒன்று இருந்தால் மற்றதும் கூடவே வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். இரண்டு பிரிவுகளின் சராசரியைச் சேர்த்து வகுப்புச் சராசரி என்று எழுதி அனுப்பிய தலைமையாசிரியரைக்கூடப் பார்த்திருக்கிறேன். ஒரு பிரிவில் 18 பேர், மற்றதில் 46 பேர்.

கறார்க்கணக்கு:
அந்தச் சராசரிக் கணக்கு போட்டித் தேர்வில் வரும், ஐயா. அதில் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். இதையும் சொல்லிவிடுகிறேன். 1000 ரூபாய்ச் சேலைக்கு முதலில் 20 விழுக்காடு, பிறகு 10 விழுக்காடு தள்ளுபடி என்றால் 720. வரிசையை மாற்றி முதலில் 10, பிறகு 20 என்றாலும் 720. 0.8-ஐயும் 0.9-ஐயும் எப்படித் திருப்பிப் பெருக்கினால் என்ன! 25-இல் 16 விழுக்காடு கேட்டால் 16-இல் 25 விழுக்காடு என்று திருப்பிக் கால்வாசி எடுத்து 4 என்று நொடியில் எழுதுவேன். இத்தனை நாளும் இதைக் குறுக்குவழி என்றுதான் நினைத்திருந்தேன். பெயர் பரிமாற்றுப் பண்பு என்று இன்றுதான் உறைக்கிறது. சரி, சொல்லிவிட்டேன், போதும்.

செவ்வந்தி:
கறார் ஐயா, சேலைக் கணக்கு எனக்கு உடனே விளங்கியது! மகள் இன்னொன்று கேட்கிறாள். குறையைக் குறையால் பெருக்கினால் மிகை எப்படி? கடனைக் கடனால் பெருக்கினால் செல்வம் என்றால் எதிர்வீட்டுக்காரர் இந்நேரம் கோடீசுவரர் ஆகியிருக்க வேண்டுமாம்.

சுண்ணக்கட்டி:
கடன் உவமை கூட்டலோடு நின்றுவிடும், பெருக்கலுக்கு வராது. அங்கே பங்கீட்டுப் பண்புதான் கைகொடுக்கும். 1-உம் −1-உம் கூட்டினால் 0. அதை −1-ஆல் பெருக்கினாலும் 0. உள்ளே பங்கிட்டுப் பெருக்குங்கள்: (−1)×1 ஒன்று, (−1)×(−1) இன்னொன்று, இரண்டும் சேர்ந்து 0 ஆக வேண்டும். முதலாவது −1. அப்படியானால் இரண்டாவது +1 ஆக இல்லாமல் வேறு என்னவாக இருக்கும்? வேறெந்த மதிப்பை வைத்தாலும் பங்கீட்டுப் பண்பு செத்துவிடும். பிரம்மகுப்தரும் கடனைக் கடனால் பெருக்கினால் செல்வம் என்றுதான் எழுதினார்.

கணித முதுகலை:
இந்த இழையை வகுப்புத் தோழிகள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். ஐயா சொன்ன 'முட்டிய இடத்தில் புது எண்' மேலும் போகும். −1-க்கு வர்க்கமூலம் எடுக்கப் போனால் மெய்யெண்கள் (விகிதமுறு, விகிதமுறா எண்கள் எல்லாம் சேர்ந்தவை) முட்டும், கலப்பெண்கள் வரும். ஆனால் இங்கிருந்து ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு பண்பைக் கப்பம் கட்ட வேண்டும். கலப்பெண்களில் பெரிது சிறிது போய்விடும். பூச்சியமில்லாத எந்த எண்ணின் வர்க்கமும் மிகையாக வர வேண்டும் என்பது வரிசையின் விதி. வர்க்கம் −1 ஆகிற ஓர் எண்ணை எந்தப் பக்கம் நிறுத்துவீர்கள்?

அடுத்த தாவலைக் கணிதர் ஹாமில்டன் செய்தார்: நான்கு அலகு கொண்ட குவாட்டர்னியன்கள். 1843 அக்டோபர் 16, டப்ளினில் மனைவியோடு கால்வாய்க் கரையில் நடந்துபோகும்போது பல நாள் சிக்கல் அவிழ்ந்தது. வழியில் இருந்த பாலத்தின் கல்லிலேயே சூத்திரத்தைக் கத்தியால் கீறிவைத்தார். அந்தக் குவாட்டர்னியன்களில் பரிமாற்றுப் பண்பு பெருக்கலில் இல்லை. அ-வை ஆ-வால் பெருக்குவதும் ஆ-வை அ-வால் பெருக்குவதும் வேறு வேறு விடை. இன்று கணினி விளையாட்டுகளில் உருவங்களைச் சுழற்றுவது அதை வைத்துத்தான். அதே ஆண்டு டிசம்பரில் அவர் நண்பர் கிரேவ்ஸ் எட்டு அலகு கொண்ட ஆக்டோனியன்களுக்குத் தாவினார். அங்கே சேர்ப்புப் பண்பும் போனது. கறார் அண்ணா, 3+5=5+3-இல் சிந்திக்க என்ன இருக்கிறது என்றீர்களே!

கறார்க்கணக்கு:
ஒரே நாளில் இரண்டு முறை மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

செவ்வந்தி:
மகள் ஒரு அட்டவணை போட்டிருக்கிறாள். மேலே எண்வகைகள், பக்கத்தில் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல். எது எதற்குள் அடைகிறது என்று குறித்துக்கொண்டே வந்தாள். விகிதமுறு எண்களுக்கு வகுத்தல் கட்டத்தில் '0 மட்டும் வெளியே' என்று எழுதிவைத்தாள். விகிதமுறா எண்கள் வரிசையில் நின்றுவிட்டாள். √2-ஐ √2-ஆல் பெருக்கினால் 2 வருகிறது, √2-இலிருந்து √2-ஐக் கழித்தால் 0 வருகிறது. இந்தக் கூட்டத்துக்கு எந்தக் கட்டத்திலும் அடைவு இல்லையே, எல்லாவற்றிலும் பெருக்கல் குறி போடவா என்கிறாள்.

சுண்ணக்கட்டி:
எல்லாவற்றிலும் போடலாம். விகிதமுறா எண்கள் என்பது தானாகக் கூடிய கூட்டமல்ல, விகிதமுறு எண்களை நீக்கிய பிறகு எஞ்சியது. அதற்கு அடைவு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவளுக்கு என் சார்பில் ஒன்று கொடுங்கள்: அட்டவணையில் அடுக்கு என்று ஐந்தாவது கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள். விகிதமுறா எண்ணை விகிதமுறா எண்ணின் அடுக்குக்கு உயர்த்தினால் விகிதமுறு எண் கிடைக்குமா?

கணித முதுகலை:
ஐயா, அதைப் பதினான்கு வயதுப் பிள்ளைக்கா! சரி, வழி மட்டும் சொல்கிறேன் அக்கா. √2-ஐ √2 அடுக்குக்கு உயர்த்தச் சொல்லுங்கள். வந்தது விகிதமுறு எண் என்றால் வேலை முடிந்தது. இல்லை, விகிதமுறா எண் என்றால் அதையே மறுபடி √2 அடுக்குக்கு உயர்த்தச் சொல்லுங்கள். அடுக்குகள் பெருகி √2×√2 ஆகும். விடை √2-இன் வர்க்கம், அதாவது 2. எப்படிப் போனாலும் ஓரிடத்தில் விகிதமுறு எண் வந்தே தீரும். இரண்டில் எது உண்மை என்று தெரியாமலேயே நிரூபித்தாகிவிட்டது. அது விகிதமுறா எண்தான் என்பதை 1934-இல் வந்த கெல்ஃபாண்ட்–ஷ்னைடர் தேற்றம் தனியாகச் சொல்கிறது. அவளுக்கு அது இப்போது வேண்டாம்.

செவ்வந்தி:
சொன்னேன். ரசீதின் பின்பக்கம் தீர்ந்துபோய் நாட்காட்டித் தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "தெரியாமலேயே எப்படி நிரூபிக்கலாம், இது ஏமாற்று" என்று என்னோடு சண்டை. மணி பத்தேமுக்கால். நாளை அவளுக்குச் சமூக அறிவியல் தேர்வு.